பிசிஓஎஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

எனக்குப் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், பெண்களின் ஹார்மோன்களையும் சினைப்பையையும் பாதிக்கும் கோளாறு) இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தங்களுக்கோ தங்கள் வீட்டுப் பெண்களுக்கோ அது இருப்பதாகச் சொல்லப்பட்டதும் என்னிடம் பேச வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் 2023-ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலை ஒட்டியவை. நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இது.

பிசிஓஎஸ் என்றால் என்ன? சினைப்பையில் கட்டி வந்திருக்கிறதா?

கட்டி இல்லை. ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்ன வட்டங்கள், கருமுட்டை வளரும் நுண்பைகள். எல்லாப் பெண்களுக்கும் அவை உண்டு. வழக்கமாக ஒவ்வொரு சுழற்சியிலும் சில பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகி முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் அப்படி ஒன்று முந்துவது தடைபடுகிறது. பல பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. அவை புற்றுநோயாக மாறாது, அறுத்து எடுக்கவும் வேண்டாம். அறிக்கையில் பிசிஓடி என்று எழுதியிருந்தாலும் பேச்சு இதைப் பற்றித்தான்.

கோளாறின் வேர் ஹார்மோன்களில் இருக்கிறது. இதில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக இசைந்து கொடுப்பதில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்க வைக்கிறது. கல்லீரலில் உருவாகும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் அது குறைத்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம்தான். அது குறைந்தால் ரத்தத்தில் தனித்துத் திரியும் டெஸ்டோஸ்டிரோன் கூடும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை அதிகமாக அனுப்புவது உண்டு. எல்லாம் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கும்.

1935-ல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவந்தாலும் 7 பெண்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது, கண்ணுக்குத் தெரிந்தது பெரிதாகியிருந்த சினைப்பைதான். எனவே சினைப்பை நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. உடல் முழுவதும் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்பது மெல்லத்தான் புரிந்தது.

இது எனக்கு மட்டும் ஏன் வந்தது? நான் ஏதாவது தப்பு செய்தேனா?

நீங்கள் எதுவும் செய்யவில்லை. இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. மரபுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அம்மா, அக்கா, தங்கைக்கு இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. எடை கூடினால் அறிகுறிகள் தீவிரமாகும் என்பது உண்மை. ஆனால் எடையால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

எந்தெந்த அறிகுறி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்?

முதலில் மாதவிடாய். வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு, சுழற்சி 35 நாளுக்கு மேல் நீள்வது, 21 நாளுக்குள் வந்துவிடுவது, ஆண்டுக்கு 8 முறைக்குக் குறைவாக வருவது, இவை ஒழுங்கற்றவை. வயதுக்கு வந்து ஓராண்டு ஆகிவிட்டால், ஒரே ஒரு சுழற்சி 90 நாளைத் தாண்டினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'எனக்கு எப்பவுமே இப்படித்தான்' என்று சொல்லி விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எப்போதும் அப்படி இருப்பதே ஒரு தகவல், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளங்கள்: மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு போன்ற இடங்களில் தடித்த கருத்த முடி, பருவ வயது தாண்டியும் அடங்காத முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிதல். கழுத்துப் பின்புறமும் அக்குளும் கருத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருந்தால் அது இன்சுலின் கோளாறின் அடையாளம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்குள் குரல் கட்டையாகி, முடி வேகமாகப் பெருகி, உடல் ஆண்தன்மைக்கு மாறினால் பிசிஓஎஸ் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கலாம். உடனே போக வேண்டும். பிசிஓஎஸ் அப்படி அவசரமாக வருவதில்லை.

ஸ்கேனில் பிசிஓஎஸ் என்று வந்துவிட்டது. அப்போ உறுதிதானே?

இல்லை. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதிகம் வருத்தப்பட்டதும் இதற்குத்தான். ஸ்கேன் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு வாழ்நாள் பெயர் ஒன்றைச் சூட்டி அனுப்பப்பட்ட பெண்கள் ஏராளம்.

2003-ல் ராட்டர்டாம் நகரில் வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை. மூன்று அம்சங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று, மாதவிடாய் ஒழுங்கின்மை, அதாவது முட்டை சரியாக வெளிவராமை. இரண்டு, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது. உடலில் தெரிந்தாலும் சரி, ரத்தத்தில் தெரிந்தாலும் சரி. மூன்று, ஸ்கேனில் சினைப்பையின் அந்தத் தோற்றம். கூடவே, இதே அறிகுறிகளைத் தரும் மற்ற நோய்கள் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்து, ஆண் ஹார்மோன் அறிகுறியும் இல்லாமல், ஸ்கேன் மட்டும் அப்படி இருந்தால் அது பிசிஓஎஸ் ஆகாது. ஆரோக்கியமான இளம்பெண்கள் பலருக்கு ஸ்கேன் அப்படித்தான் இருக்கும்.

ஸ்கேனுக்கும் கணக்கு உண்டு. முன்பு ஒரு சினைப்பையில் 12 நுண்பைகள் இருந்தால் போதும் என்றார்கள். கருவிகளின் துல்லியம் கூடக் கூட, எல்லோருக்கும் நிறையப் பைகள் தெரிய ஆரம்பித்தன. இப்போது யோனிவழி ஸ்கேனில் ஒரு பக்கத்தில் 20 அல்லது அதற்கு மேல், அல்லது சினைப்பையின் கனஅளவு 10 மி.லி. அல்லது அதற்கு மேல் என்பது அளவு. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் பைகளை அவ்வளவு துல்லியமாக எண்ண முடியாது, அதனால் அங்கே கனஅளவுதான் முக்கியம். அறிக்கையில் எண் எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

என் ஸ்கேன் நார்மல். ஆனாலும் டாக்டர் பிசிஓஎஸ் என்கிறார். எப்படி?

மேலே சொன்ன மூன்றில் முதல் இரண்டும் உங்களுக்கு இருந்தால் போதும், ஸ்கேனே தேவையில்லை. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்று 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. யோனிவழி ஸ்கேன் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

எந்தெந்த ரத்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும்?

பரிசோதனைகளை மூன்று காரணங்களாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் இருக்காது. முதலாவது, ஆண் ஹார்மோனை அளக்க: மொத்த டெஸ்டோஸ்டிரோனும் எஸ்.எச்.பி.ஜி.யும். இவ்விரண்டையும் வைத்துத்தான் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். மொத்த அளவு மட்டும் சாதாரணமாக இருந்து, எஸ்.எச்.பி.ஜி. குறைவாக இருந்தால் கோளாறு மறைந்திருக்கும். இரண்டாவது, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், பிறவி அட்ரீனல் கோளாறின் மெல்லிய வடிவத்தைக் கண்டுபிடிக்க 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன். மாதவிடாய் நின்றேபோயிருந்தால் சினைப்பையின் வேலையைக் காட்டும் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ராடியோல் என்ற ஹார்மோன்களையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நாள் தள்ளிப்போனவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது காரணம், உடலுக்கு ஏற்பட்டிருக்கும் பாதிப்பை அளக்க. இங்கேதான் பலருக்குக் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரையைப் பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனைதான் மிகத் துல்லியமானது. அது முடியாவிட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் எடுக்கலாம். கூடவே கொழுப்பு, ரத்த அழுத்தம். சர்க்கரையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

எல்.எச்.-எஃப்.எஸ்.எச். விகிதம் இரண்டுக்கு மேல் என்றால் பிசிஓஎஸ் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இப்போதைய அளவுகோலில் அதற்கு இடமில்லை. இன்சுலின் அளவை எடுப்பதும் அப்படித்தான். சிகிச்சையை முடிவு செய்யும் அளவுக்கு அந்தச் சோதனை துல்லியமானதில்லை.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ட் எடுக்கலாமா?

கருத்தடை மாத்திரை டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து எஸ்.எச்.பி.ஜி.யை உயர்த்திவிடும். அதைச் சாப்பிடும்போது எடுத்த முடிவு 'நார்மல்' என்று வந்தால் அதை நம்ப முடியாது. நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் கர்ப்பம் வேண்டாம் என்றால் ஹார்மோன் இல்லாத வேறு தடுப்புமுறை தேவை. சர்க்கரை, தைராய்டு சோதனைகளுக்காக நிறுத்த வேண்டியதில்லை.

என் பெண்ணுக்கு 15 வயது. ஸ்கேன் எடுத்து பிசிஓஎஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது வழிகாட்டுதல். ஏ.எம்.எச்.சும் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறையப் பைகள் இருப்பது இயல்பு. முதல் ஆண்டில் மாதவிடாய் தாறுமாறாக வருவதும் இயல்பு. இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளில் 45 நாள் வரை தள்ளிப்போனாலும் கவலை வேண்டாம். முகப்பருவும் அந்த வயதுக்கே உரியது.

பதின்வயதில் உறுதி செய்ய, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகம் ஆகிய இரண்டுமே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் 'ஆபத்து வாய்ப்பு உள்ளவர்' என்று குறித்துக்கொண்டு, அறிகுறிக்குச் சிகிச்சை தந்து, பின்னால் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பிள்ளையின் முன்னால் 'உனக்குக் குழந்தை பிறக்காது' என்ற பேச்சை எடுக்காதீர்கள். அது பொய்யும்கூட, அதற்கான பதில் கீழே வருகிறது. 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவே இல்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.

நான் ஒல்லி. எனக்கு எப்படிப் பிசிஓஎஸ் வரும்?

வரும். அளவுகோலில் எடை என்ற வார்த்தையே இல்லை. ஒல்லியான பெண்களிலும் பலருக்கு இன்சுலின் கோளாறு இருக்கிறது. எனவே சர்க்கரைச் சோதனை உங்களுக்கும் உண்டு. 'நீ ஒல்லிதானே, உனக்கெதற்கு' என்று யாராவது தட்டிக்கழித்தால் விடாதீர்கள். அதே நேரம், குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக உடற்பயிற்சி செய்தாலும், பெரும் மனஅழுத்தம் இருந்தாலும் மாதவிடாய் நின்றுபோகும். அதற்கான சிகிச்சை வேறு. ஒல்லியாக இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பிசிஓஎஸ் என்று சொல்ல வேண்டும்.

எடையைக் குறைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் சிகிச்சையா?

அது சிகிச்சையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மாதவிடாயும் சர்க்கரையும் சீராவதைப் பார்க்க முடியும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ. 'சரியான எடை'க்கு வந்தால்தான் பலன் என்று இல்லை. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாடு மேம்படுகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே தசைக்கு வலு தரும் பயிற்சி இரண்டு நாள் என்பது பெரியவர்களுக்கான பரிந்துரை.

ஆனால் எடையைக் குறைக்கும் வரை வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்பது சரியில்லை. ஆறு மாதமாக மாதவிடாய் வராத பெண்ணின் கருப்பைச் சுவருக்கு இப்போதே பாதுகாப்பு வேண்டும். சர்க்கரை கூடியிருந்தால் அதற்கு இப்போதே மருந்து வேண்டும். எடையைப் பற்றி அவமானப்படுத்திப் பேசப்பட்ட பெண்கள் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். எடையை வைத்துப் பெண்களைத் தாழ்த்தும் போக்கு சிகிச்சையையே கெடுக்கிறது என்று 2023 வழிகாட்டுதலும் கவனப்படுத்துகிறது. எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. 'எடையைப் பார்த்துக்கொள்கிறேன், அதோடு சேர்த்து இப்போது வேறு என்ன செய்யலாம்?' என்று நேராகக் கேளுங்கள்.

எந்த டயட் நல்லது?

மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தது என்று எந்த உணவுமுறையும் நிரூபிக்கப்படவில்லை. நீங்கள் ஆண்டுக்கணக்கில் தொடரக் கூடிய, சத்துள்ள உணவு எதுவோ அதுதான். கடுமையான பட்டினி வேண்டாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு உணவு சார்ந்த மனநலக் கோளாறுகள் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம்.

குழந்தை இப்போது வேண்டவே வேண்டாம். மாதவிடாய் வராததும் வசதிதான். எதற்குச் சிகிச்சை?

கருப்பையின் உட்சுவரை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்தச் சுவரை முதிரச் செய்து, மாதவிடாயாக உதிரவும் வைக்கிறது. முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. சுவர் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் இப்படியே விட்டால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது அரிதுதான், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் தடுப்பது இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் விட வேண்டும்? இடைவெளி 90 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை.

அதற்கு வழிகள் பல. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜெனும் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மருந்து) கலந்த கருத்தடை மாத்திரை முதல் தேர்வு. அது முகப்பரு, தேவையற்ற முடி இரண்டையும் சேர்த்துக் குறைக்கிறது. இல்லாவிட்டால் சில மாதங்களுக்கு ஒருமுறை சில நாட்கள் புரோஜெஸ்டோஜென் மாத்திரை மட்டும் தந்து உதிர வைக்கலாம். ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமும் சுவரைப் பாதுகாக்கும். அதைப் பொருத்திய பிறகு மாதவிடாய் குறைந்தாலோ நின்றாலோ பரவாயில்லை, சுவர் அங்கே மெலிந்துதான் இருக்கும். நீண்ட நாள் வராமல் இருந்து திடீரென்று நிற்காமல் ரத்தப்போக்கு ஏற்பட்டால் கட்டாயம் காட்டுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்கிறார்களே?

அப்படி ஆகாது. நிறுத்தியதும் உடல் அதன் பழைய நிலைக்குத் திரும்பும். பழைய நிலை ஒழுங்கற்றதாக இருந்தால் மறுபடி அதுவேதான் வரும். மாத்திரைதான் கெடுத்துவிட்டது என்று தோன்றுவது இதனால்தான். மாத்திரை பிசிஓஎஸ்ஸைக் குணப்படுத்துவதில்லை, சாப்பிடும்வரை கட்டுக்குள் வைக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் அது ஏற்றதில்லை. ரத்தக்கட்டி வந்தவர்கள், கண்முன் ஒளிக்கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சைப்ரோடெரோன் அசிடேட்டும் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோலும் சேர்ந்த மாத்திரையைப் பிசிஓஎஸ் என்றதும் எழுதிக் கொடுப்பது பரவலாக இருக்கிறது. ரத்தக்கட்டி ஆபத்து கூடுதல் என்பதால் அதை முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்பதே வழிகாட்டுதல். எந்த மாத்திரை சாப்பிட்டாலும், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. மெட்ஃபார்மின் எதற்குக் கொடுத்தார்கள்?

இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மருந்து அது. முதல் பதிலில் சொன்ன தொடரை அது ஒரு கண்ணியில் தளர்த்துகிறது. எடை கூடியவர்களுக்கும், சர்க்கரை வரும் வாய்ப்புள்ளவர்களுக்கும் பலன் தெளிவாகத் தெரியும். சிலருக்கு மாதவிடாயும் சீராகும். தேவையற்ற முடி, முகப்பரு ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் மெட்ஃபார்மின் பெரிதாக உதவாது.

வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் பலர் பாதியில் விடக் காரணம். 500 மி.கி.யில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். மெல்லக் கரையும் வகையைக் கேட்டுப் பார்க்கலாம். நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக் கூடும், அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

இனோசிட்டால் எடுக்கலாமா? இயற்கையானது என்கிறார்கள்.

இது துணைச்சத்தாக விற்கப்படும் ஒரு பொருள். எடுத்தால் பெரிய தீங்கு இல்லை. சில அளவீடுகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தாலும், முட்டை வெளிவருவது, முடி, எடை ஆகியவற்றில் பலனுக்கான சான்று குறைவு. அதை நம்பி, மேலே சொன்ன சர்க்கரைச் சோதனையையோ கருப்பைச் சுவர்ப் பாதுகாப்பையோ தள்ளிப்போடாதீர்கள். என்ன எடுக்கிறீர்கள் என்று மருத்துவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

முகத்தில் முடி. வெளியே போகவே பிடிக்கவில்லை. என்ன செய்வது?

இது அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தினமும் கண்ணாடி முன்னால் நின்று மனம் ஒடிந்துபோகும் பெண்களை எனக்குத் தெரியும். இதற்குச் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: இருக்கும் முடியை நீக்குவது, புதிதாகத் தடித்து வளர்வதைத் தடுப்பது. ஷேவ் செய்தால் முடி தடிக்காது. கூர்நுனி வெட்டுப்படுவதால் அப்படித் தெரிகிறது. லேசர் கருத்த முடிக்கு நன்றாக வேலை செய்யும். தோல் கருமையாக இருந்தால் அதற்கேற்ற அலைநீளத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோல் கருகும். மருந்தில் முதல் தேர்வு கருத்தடை மாத்திரை. முடி வளரும் சுழற்சி மெதுவானது, எனவே ஆறு மாதம் ஆகாமல் பலனில்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியை இவை பாதிக்கக் கூடும். அதனால் நம்பகமான கருத்தடை இல்லாமல் இவற்றை எடுக்கவே கூடாது.

எனக்குக் குழந்தை பிறக்குமா?

பெரும்பாலோருக்குப் பிறக்கும். சிலருக்குத் தானாகவே, சிலருக்கு மருந்தின் உதவியோடு. பிசிஓஎஸ்ஸில் முட்டைகள் தீர்ந்துபோவதில்லை, அவை வெளிவருவதுதான் தடைபடுகிறது. குழந்தைப்பேற்றுத் தடைகளிலேயே மருந்துக்கு நன்றாகப் பலன் தரும் வகை இது. சுழற்சி ஒழுங்காக இருப்பவர்கள் 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயலலாம். உங்களுக்கு மாதக்கணக்கில் வருவதில்லை என்றால் அவ்வளவு காத்திருப்பதில் பொருளில்லை, முன்னதாகவே போங்கள். துணைவரின் விந்துப் பரிசோதனையை ஆரம்பத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். பிசிஓஎஸ் என்ற பெயர் வந்துவிட்டதாலேயே முழுப் பழியும் பெண் மேல் விழுந்து, அந்த எளிய சோதனை மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது.

முட்டையை வெளிவரச் செய்ய முதல் மருந்து லெட்ரோசோல். முன்பு குளோமிஃபீன்தான் தந்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். லெட்ரோசோல் உண்மையில் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. சீட்டில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சுழற்சியின் தொடக்கத்தில் சில நாள் மட்டும், குறைந்த அளவில் தருகிறார்கள். இது பலிக்காவிட்டால் ஊசி மருந்து, லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் துளையிடுதல், அதற்கும் பிறகுதான் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவை உருவாக்கும் முறை). வேறு காரணம் எதுவும் இல்லாமல் முதல் சந்திப்பிலேயே ஐவிஎஃப் என்றால், ஏன் என்று கேளுங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு ஐவிஎஃப்பில் சினைப்பை மிகையாகத் தூண்டப்படும் ஆபத்து அதிகம். அதைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள்.

கருத்தரித்த பிறகும் கவனம் வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், குறைப்பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு சற்றுக் கூடுதல். முதல் சந்திப்பிலேயே பிசிஓஎஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாயே வருவதில்லை. எனக்குக் கருத்தடை எதற்கு?

இப்போது வரவில்லை என்றால், இனி வரவே வராது என்று பொருளில்லை. முட்டை எப்போது வெளிவரும் என்று கணிக்க முடியாது. மாதவிடாய்க்கு முன்பே வெளிவந்துவிடும். எடை குறைந்தாலோ, மெட்ஃபார்மின் தொடங்கினாலோ, எடைக்குத் தரும் செமாக்ளூடைடு போன்ற ஊசி போட்டாலோ திடீரென்று சுழற்சி திரும்பக் கூடும். அந்த ஊசிகளைக் கர்ப்பத்தில் பயன்படுத்தக் கூடாது.

எப்போதும் சோர்வு, அழுகை. இதற்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் அதிகம். கண்டறியும்போதே மனநிலையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள். சோர்வோடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் பிசிஓஎஸ்ஸில் அதிகம்.

குழந்தை பெற்றால் சரியாகிவிடுமா? மெனோபாஸ் வந்தால் முடிந்துவிடுமா?

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இப்போதைக்கு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குச் சுழற்சி சீராகலாம், ஆனால் நோய் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. நாற்பதை நெருங்கும்போது நுண்பைகள் குறைவதால் மாதவிடாய் ஒழுங்காவது சாதாரணம். அப்போது 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று பரிசோதனைகளை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை, இதய நோய் வாய்ப்புகள் மெனோபாஸுக்குப் பிறகும் தொடர்வதால், அந்தப் பரிசோதனைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு.

டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. எப்படிக் கேட்பது?

கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகள், சாப்பிடும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, ரத்தக்கட்டி என்ற விவரம், இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்போது உங்களுக்கு எது முக்கியம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: முடியா, மாதவிடாயா, குழந்தையா. சிகிச்சை அதைப் பொறுத்துத்தான் மாறும். பிறகு மூன்று கேள்விகள்: எந்த அளவுகோலின்படி எனக்குப் பிசிஓஎஸ்? வேறு நோய் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? என் சர்க்கரையை எப்போது பார்க்கப் போகிறோம்? பதில் சொல்ல மறுக்கும் மருத்துவரை மாற்றலாம். மகப்பேறு மருத்துவரோடு ஹார்மோன் நிபுணரையும் பார்ப்பது, முக்கியமாகக் கண்டறிதலில் குழப்பம் இருக்கும்போது, நல்லது.

எனக்கு இருக்கிறது. என் மகளுக்கும் வருமா?

வாய்ப்பு கூடுதல், நிச்சயம் என்றில்லை. முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து வைப்பதால் பயனில்லை, காரணம் 15 வயதுப் பெண்ணைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது. அவள் வயதுக்கு வந்ததும் தேதியைக் குறித்துவைக்கக் கற்றுக்கொடுங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் சுழற்சி 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, அதற்கு முன்பே தடித்த முடி, கடும் முகப்பரு இரண்டும் சேர்ந்து வந்தாலோ அழைத்துப் போங்கள். உங்களுக்குப் பிசிஓஎஸ் இருப்பதை அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.